விளக்கின் சாட்சி

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பாட்டிமாரும் அறிந்த பழமொழி. ஆயினும் விஞ்ஞானக் கூடத்தினுள் நுழைந்தவுடன் அதன் முதற்பகுதியை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கரிய பின்னணியிலே பச்சையும் சிவப்புமாய் ஒளிவிடும் நரம்பணுவின் படமொன்றைத் திரையிற் காட்டி, "டோபமைன் ஏற்பிகள் இருக்குமிடம் இதுவே" என்று ஒருவர் கூறுவாராயின், அவையிலுள்ளார் அனைவரும் தலையசைக்கின்றனர். ஒளிர்வது ஏற்பிதானா, அன்றி அதனருகே ஒட்டிக்கொண்ட சாயந்தானா என்று வினவுவார் அரியர். அவ்வினாவை எழுப்பியே தீரவேண்டும் என்பதும், அதற்கு விடைபகரும் ஆற்றல் மருந்துப் பொருளோடு ஒளிர்சாயத்தைப் பூட்டித் தரும் இரசாயன வல்லுநரின் பொறுமை மிக்க தொழிலிலேயே பெரிதும் அடங்கியிருக்கின்றது என்பதும், அத்தொழிலை நாம் வெறும் ஏவற்பணியாக எண்ணிவருதல் தகாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

டோபமைன் மிகச் சிறிய பொருள். அதன் மூலக்கூற்று எடை 153 மாத்திரமே. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் டோபமைனை ஆக்கி வழங்குவன சில இலட்சங்களே. எனினும், இச்சிறுபான்மை அழியத் தொடங்கினால், கைந்நடுக்கமும் உடல் விறைப்பும் தோன்றி, மனிதன் நடத்தற்கும் எழுதுதற்கும் இயலாதவனாகின்றான். இதுவே பார்க்கின்சன் நோய். 1960ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து எரிங்கர், ஹார்னிகீவிச் என்னும் இருவர், அந்நோயால் இறந்தோரின் மூளையைச் சோதித்து, அதன் உட்புறத்துள்ள வரியுடலம் என்னும் பகுதியில் டோபமைன் பெரிதும் குன்றியிருத்தலை வெளிப்படுத்தினர்.

டோபமைன் ஓலை போன்றது. படிப்பார் இல்லாவழி ஓலையாற் பயனில்லை. படிப்போரே ஏற்பிகள் எனப்படும் புரதங்கள். அவை நரம்பணுவின் மேற்சவ்விலே பொதிந்து கிடக்கின்றன. ஓலை ஒன்றேயாயினும் படிப்போர் ஐவர்: டி1, டி5 என்னும் இருவர் ஒரு குடும்பத்தார், டி2, டி3, டி4 என்னும் மூவர் மற்றொரு குடும்பத்தார். ஒரே செய்தியைக் கேட்டு முற்குடும்பத்தார் அணுவினுள்ளே வேலையை முடுக்குவர். பிற்குடும்பத்தார் அதனைத் தணிப்பர். மனச்சிதைவு நோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் மருந்துகள் ஏறக்குறைய யாவும் டி2 ஏற்பியின் வாயை அடைப்பனவே. பிதற்றலும் பொய்க்காட்சியும் அவற்றால் தணிகின்றன. ஆனால் அதே டி2 வரியுடலத்திலும் மிகுந்து கிடத்தலின், அங்கும் வாயடைபட்டு, நோயாளி பார்க்கின்சன் நோயுற்றார்போல விறைத்து நடக்கும் நிலையும் நேர்கின்றது. ஆகவே எந்த ஏற்பி எந்த அணுவில் எவ்வளவு இருக்கின்றது என்னும் வினா, படத்தின் அழகைப் பற்றிய வினா அன்று. ஒரு நோயாளியின் நடையைப் பற்றிய வினா.

நிற்க. மூளையில் ஒளியேற்றிப் பார்க்கும் முயற்சி ஏற்பியிலிருந்து தொடங்கியதன்று, ஓலையிலிருந்தே தொடங்கியது. சுவீடன் நாட்டில் ஆர்விட் கார்ல்சன் என்பார் 1957இல் முயல்களுக்கு ரெசர்பின் என்னும் மருந்தைக் கொடுத்து அவற்றை அசைவற்றுக் கிடக்கச் செய்து, பின்னர் எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தி மீண்டும் எழுந்து நடமாடச் செய்தார். (அந்த ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது, அவ்வேரைச் சித்தபிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழங்கிய செய்தியை வங்காளத்து வைத்தியர்களான சென், போஸ் என்போர் 1931ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தனர்.) கார்ல்சனின் தோழர்களாகிய ஃபால்க், ஹில்லார்ப் என்னும் இருவரும் 1962இல் ஓர் அரிய வழியைக் கண்டனர். மூளைத் துண்டை விரைந்து உறையச் செய்து, உறைநிலையிலேயே ஈரம் போக்கி, ஃபார்மால்டிஹைடு ஆவியில் ஏறக்குறைய 80 பாகை வெப்பத்தில் வைத்தால், டோபமைனும் அதன் இனத்து நார் அட்ரினலினும் தாமே ஒளிரும் பொருள்களாக மாறிப் பச்சை ஒளி வீசும். செரடோனின் மஞ்சள் ஒளி வீசும். 1964இல் டால்ஸ்ட்ரோம், ஃபுக்சே என்னும் மாணவர் இருவர் இம்முறையைக் கொண்டு எலி மூளையில் அந்நரம்பணுக் கூட்டங்களுக்கு முதற் படம் வகுத்தனர். ஹில்லார்ப் தம் முறையின் பெருமையை நெடிது கண்டாரில்லை, 1965இல் மறைந்தார்.

இவர்களது படத்தை உலகம் நம்பியதற்குக் காரணம் பச்சை ஒளி மாத்திரம் அன்று. ரெசர்பின் ஊட்டப்பெற்ற விலங்கின் மூளையில் அப்பச்சை மறைந்துபோயிற்று. டோபமைன் நீங்க ஒளியும் நீங்கிற்று. ஆகவே ஒளி டோபமைனுடையதே. சர்ப்பகந்தியின் சத்து இங்கே எதிர்ப்பக்கத்து வழக்கறிஞராக நின்று சாட்சியைச் சோதித்தது என்னலாம். இந்த இருண்ட படத்தையே யான் பெரிதாக மதிக்கின்றேன்.

ஆனால் ஓலை எங்கே எழுதப்படுகின்றது என்று அறிந்தோமேயன்றி, யார் படிக்கின்றனர் என்று அதனால் அறிந்திலோம். அதற்கு முதலில் உதவியது கதிரியக்கம். 1975இல் கனடா நாட்டு டொராண்டோ நகரத்துப் பிலிப் சீமன் முதலியோர், ஹாலோபெரிடால் என்னும் மருந்தில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றி, மூளைத் திசுவில் அது பற்றும் அளவைக் கணக்கிட்டனர். மறு ஆண்டில், ஒரு மருந்து அவ்வேற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகின்றதோ அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதியது என்னும் ஒப்புமையும் வெளியாயிற்று. 1983இல் அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில் ஹென்றி வாக்னர் என்னும் மருத்துவர் தம் மூளையையே சோதனைப் பொருளாக்கி, உயிருள்ள மனிதனின் டோபமைன் ஏற்பிகளைக் கதிரியக்கக் கரியைக்கொண்டு படம் பிடிக்கச் செய்தார். கபாலத்தைத் திறவாமலே இங்ஙனம் காணுதல் வியப்பே. எனினும் அப்படங்களில் ஒரு புள்ளியின் அளவு சில மில்லிமீட்டர். அப்புள்ளிக்குள் அணுக்கள் பல இலட்சம். ஊரைக் காட்டும் படம் வீட்டைக் காட்டாது.

வீட்டையும் வாயிலையும் காண விரும்புவோர்க்கே ஒளிர் பிணைபொருள் வேண்டப்படுகின்றது. ஏற்பியின் குழியிற் சென்று பொருந்தும் எதனையும் இரசாயன நூலார் லிகண்ட் என்பர். பிணைபொருள் என்று நாம் சொல்லலாம். அதன் வாலில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டால், அது போய் அமரும் இடமெல்லாம் நுண்ணோக்கியில் துலங்கும். கூறுதற்கு இஃது எளிது, செய்தற்கோ அரிது. விளக்கு இலேசான பொருள் அன்று. டோபமைனின் எடை 153 என்றோம். இன்று மிகவும் வழங்கும் டாம்ரா என்னும் செஞ்சாயத்தின் எடை ஏறக்குறைய 430. சிட்டுக்குருவியின் காலில் ஆட்டுக்கல்லைக் கட்டினாற் பறக்குமா? ஆதலின் டோபமைனில் நேரே சாயம் பூட்டுவாரில்லை. அதனினும் பருத்ததும் ஏற்பியை மிக இறுகப் பற்றுவதுமாகிய மருந்தொன்றையே தெரிந்துகொள்கின்றனர். அங்ஙனம் தெரிந்த மருந்திலும், சாயத்தை எவ்விடத்திற் கட்டுவது என்பதே உயிர்நிலையான வினா. பூட்டினுள் நுழையும் சாவியின் பல்லிலே கயிற்றைக் கட்டினால் சாவி பயன்படாது. பிடியிலே கட்டல் வேண்டும். எது பல், எது பிடி என்று அறியப் பண்டைய வல்லுநர் பத்தும் இருபதுமாகப் பொருள்களைச் செய்து செய்து பார்த்தனர். இன்று, 2010இல் வெளியான டி3 ஏற்பியின் படிக அமைப்பும், 2018இல் வெளியான டி2 ஏற்பியின் அமைப்பும் குழியின் வடிவைக் காட்டுதலால், வால் எவ்வழி வெளிப்படக்கூடும் என்று முன்னரே ஓரளவு கருதலாம். கருதலாமே யன்றி, அறுதியிட்டுச் சொல்லல் ஆகாது. செய்தே பார்த்தல் வேண்டும்.

பிடிக்கும் விளக்குக்கும் இடையே கட்டும் சங்கிலியும் ஒரு கலை. அது குறுகினால் விளக்கு ஏற்பியின் வாயில் இடித்துக்கொள்ளும். நீண்டால் தளர்ந்து ஆடி அயலிலுள்ள கொழுப்புச் சவ்விலே படிந்துவிடும். சாயத்தின் இயல்பும் அத்தகையதே. எண்ணெய்த் தன்மை மிக்க சாயம் ஏற்பி இல்லாத சவ்வையும் ஒளிரச் செய்யும். நீர்த் தன்மை மிக்கது சவ்வை விட்டு விலகி நிற்கும். நிறத்திலும் எச்சரிக்கை வேண்டும். வயதுற்ற நரம்பணுக்களிற் சேரும் லிப்போஃபஸ்சின் என்னும் கசடு தானே ஒளிரும் இயல்பினதாதலின், சாயமே இடாத திசுவும் ஒளிகாட்டி நம்மை ஏய்க்கும். இன்னும் ஒன்று: மருந்து ஏற்பியைத் தூண்டும் இனத்ததாயின், தூண்டப்பெற்ற ஏற்பி சவ்வை விட்டு அணுவின் உள்ளே இழுக்கப்படுதல் உண்டு. அப்போது நாம் காண்பது ஏற்பி இருந்த இடத்தையன்று. நம் விளக்கு அதனை ஓட்டிச்சென்ற இடத்தை. ஆகவே இருப்பிடம் காண்பதற்கு, தூண்டாது அடைக்கும் இனத்து மருந்தே பெரிதும் ஏற்றது.

இத்தொழிலில் ஒரு நல்ல தொடக்கம் 1989இல் நிகழ்ந்தது. அமெரிக்க அரசாங்கத்துத் தேசிய சுகாதார நிலையங்களில் டேவிட் சிப்லி முதலியோரும், சாயத் தொழிலில் வல்ல ஹாக்லண்டு முதலியோரும் கூடி, டி1க்கு எஸ்.கே.எஃப். 83566 என்னும் பொருளின் வழிப்பொருளையும், டி2க்கு ஸ்பைபெரோனின் வழிப்பொருளையும் கொண்டு ஒளிர் பிணைபொருள்கள் சமைத்தனர். அதே ஆண்டில் மார்ஜரி அரியானோ முதலியோர் அவற்றை எலி மூளைத் துண்டுகளில் இட்டு ஏற்பிகளை நேரே கண்டதாக எழுதினர்.

இங்கேதான் குறுக்கு விசாரணை தொடங்குகின்றது. ஸ்பைபெரோன் டி2 ஏற்பியை மட்டும் பற்றுவதன்று. செரடோனின் ஏற்பிகளிற் சிலவற்றையும் இறுகப் பற்றும். எனவே அதன் வழிவந்த விளக்கு ஒளிரும் இடமெல்லாம் டி2 என்று கூறுதல் பிழை. கெடான்செரின் என்னும் வேறொரு மருந்தை முன்னரே இட்டுச் செரடோனின் வாயில்களை அடைத்துவிட்டு, அதன் பின்னர் எஞ்சும் ஒளியையே எண்ணல் வேண்டும். அடுத்து, சாயம் கட்டாத மருந்தை மிகுதியாக முன்கூட்டி ஊற்றி ஏற்பிகளை நிரப்பிவிட்டால் விளக்குக்கு இடமிராது. அப்போதும் ஒளி நின்றால் அவ்வொளி பொய். இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. பியூடாக்லமால் என்னும் மருந்து வலக்கையும் இடக்கையும்போல இரு வடிவில் வருவது. எடை ஒன்று, எண்ணெய்த் தன்மை ஒன்று, எல்லாம் ஒன்று; ஆயினும் ஒரு வடிவே ஏற்பியிற் பொருந்தும், அதன் கண்ணாடி நிழல் பொருந்தாது. முதல் வடிவை இட்டால் ஒளி அணையவும், மற்றதை இட்டால் அணையாதிருக்கவும் காண்போமாயின், சாட்சி பெரும்பாலும் மெய்யுரைக்கின்றது என்று கொள்ளலாம். கதிரியக்க முறையார் 1975இலேயே இச்சோதனையைக் கையாண்டனர். ஒளிப்படம் காட்டுவோரிற் சிலர் இன்றும் இதனைச் செய்யாது விடுதல் வருந்தத்தக்கது.

இச்சோதனைகள் மிகை என்று எண்ணுவார்க்கு ஒரு செய்தி. விளக்குக் கட்டிய மருந்துக்குப் பதிலாக, ஏற்பியை நாடிப் பற்றும் எதிர்ப்பொருள்களை விலைக்கு வாங்கித் திசுவுக்குச் சாயமேற்றும் வழக்கம் எங்கும் பரவியது. 2009ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருந்தியல் இதழொன்றில் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சிகள் பல வெளிவந்தன. குறித்ததோர் ஏற்பியின் மரபணுவே நீக்கப்பட்ட எலிகளிலும் அவ்வேற்பிக்குரிய எதிர்ப்பொருள் முன்போலவே அழகாகச் சாயமேற்றிய நிகழ்ச்சிகள் அவற்றுட் கூறப்பட்டன. குடியில்லாத வீட்டிலும் விளக்கு எரிந்தது! டோபமைன் ஏற்பிகளுக்கென விற்கப்பட்டனவும் அவ்வையத்துக்குத் தப்பவில்லை. அவற்றை நம்பி வெளியான படங்கள் எத்துணையோ!

டி1, டி2 என்னும் இரண்டும் வரியுடலத்தில் ஒரே நரம்பணுவில் உறைகின்றனவா, தனித்தனி அணுக்களில் உறைகின்றனவா என்னும் பெருவழக்கு இவ்வாறே நீண்டது. 1990இல் கெர்ஃபன் முதலியோர், ஏற்பிகளை ஆக்கும் தூது அமிலத்தைக் கண்டு, பெரும்பாலும் தனித்தனி என்றனர். 2000ஆம் ஆண்டில் ஐஸ்மன் முதலியோர் எதிர்ப்பொருட் படங்களையும் பிற சான்றுகளையும் காட்டி, இரண்டும் ஒருங்கே உள என்றனர். பின்னர் ஒளிர் புரதம் தாங்கிய எலிகள் பெரும்பாலும் தனித்தனி என்னும் கட்சிக்கே வலிமை தந்தன. டி1ஐ உடைய அணுக்கள் அசைவை எழுப்பும் வழிக்கும், டி2ஐ உடையன அதனை அடக்கும் வழிக்கும் உரியவாதலின், பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடுவார் இவ்வழக்கின் தீர்ப்பை நோக்கியே தம் வழியை வகுக்கின்றனர். ஐயுறத்தக்க சாட்சியம் வழக்கைப் பத்தாண்டுக்கு நீட்டிய செய்தியை மாணவர் கருதுவாராக.

இடையே ஒன்று. ஒளியை ஐயுறும் இவ்வொழுக்கம் நமக்குப் புதியதன்று. கல்கத்தாவில் 1923இல் கே. ஆர். இராமநாதன், தூய நீரிற் சிதறும் ஒளியோடு வேறு நிறத்து மெல்லொளி ஒன்று கலந்திருத்தலைக் கண்டு, மாசினால் எழும் ஒளிர்வோ என ஐயுற்று நீரை மீண்டும் மீண்டும் தூய்மை செய்தார், ஒளி நீங்கவில்லை. 1928இல் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் அவ்வொளி முனைப்படுதலைக் காட்டி, ஒளிர்வு அன்று என்று நிறுவினர். அக்கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர் என்பதை நம்போன்ற கல்லூரியார் நினைவிற் கொள்ளல் இனிது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024இல் ஜெர்மனி நாட்டு ரேகன்ஸ்பர்க் கலாசாலையாரும் அவர்தம் துணைவரும் டி1 குடும்பத்துக்குரிய புதிய ஒளிர் பிணைபொருள்களை வெளியிட்டனர், பழைய எஸ்.கே.எஃப். 83566 என்பதே அவற்றுக்கும் மூதாதை. முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின்னும் அதே வேரிலிருந்து புதுத் தளிர் எழுதல் இத்தொழிலின் மெதுவான நடைக்குச் சான்று. இக்காலத்தார் கையாளும் சோதனை ஒன்று எனக்கு மிகவும் உவப்பானது. ஆழ்கடல் இறால் ஒன்றின் ஒளிதரு நொதியைத் திருத்தி, நானோலூக் என்று பெயரிட்டு, அதனை ஏற்பியின் தலையிலே ஒட்டுகின்றனர். அது நீல ஒளி தரும். செஞ்சாயம் பூண்ட பிணைபொருள் ஏறக்குறைய 10 நானோமீட்டருக்குள் வந்து அமர்ந்தால், அந்நீலத்தின் ஆற்றலை வாங்கிச் செவ்வொளியாக உமிழும். எட்ட நின்றால் உமிழாது. சவ்விலே வெறுமனே படிந்த சாயம் பெரும்பாலும் இருண்டே கிடக்கும். சாட்சி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முறை இது.

"மரபணு வித்தையால் ஏற்பியிலேயே ஒளிர் புரதத்தைப் புகுத்தலாமே, இரசாயன வால் எதற்கு?" என்று வினவுவார் உளர். கலிபோர்னியாவிலும் பீக்கிங்கிலும் 2018இல் செய்யப்பட்ட டிலைட், கிராப் என்னும் கருவிகள் அத்தகையன. டோபமைன் வந்து தொட்ட கணத்தில் அவை ஒளிர்ந்து காட்டுதல் அருமையே. அவற்றை யான் குறைகூறேன். ஆனால் அவை காட்டுவது ஓலையின் வரவை. நாம் புகுத்திய செயற்கை ஏற்பி எங்கே இருக்கின்றது என்று அவை சொல்லும். இயற்கை ஏற்பி எங்கே எவ்வளவு இருக்கின்றது என்று சொல்லா. இறந்த நோயாளி ஒருவரின் மூளைத் துண்டை எடுத்து ஆராயுங்கால், அதனுள் மரபணுவைப் புகுத்துவது எங்ஙனம்? அங்கே சாயம் பூண்ட மருந்துதான் செல்லும். நானோலூக் முறைக்கும் இக்குறை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஏற்பியின் தலையில் நொதியை ஒட்டிய அணுக்களிலேயே அது நடைபெறும். அன்றியும் இவ்விளக்குகளின் ஒளி கபாலத்தை ஊடுருவி வாராது. உயிருள்ள மனிதனுக்கு வாக்னர் வழியாகிய கதிரியக்கமே இன்றும் வேண்டும். இரசாயன விளக்குக்கு உரிய இடம் கண்ணாடித் தட்டும் திசுத் துண்டுமே. அவ்விடத்தில் அதற்கு ஈடாவது அரிது.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, ஆராய்ச்சி இதழ் நடத்துவோரை நோக்கியது. ஒளிர்ந்த படத்தை முகப்பிலும், ஒளி அணைந்த படத்தைப் பிற்சேர்க்கையின் மூலையிலும் அச்சிடும் வழக்கத்தை விட்டு, இரண்டையும் ஒரே அளவில், ஒரே வெளிச்ச நேரத்தில் எடுத்தனவாகப் பக்கத்தில் பக்கம் வைக்க வேண்டும். மற்றது நம் கல்லூரி ஆசிரியர்களை நோக்கியது. பேயர் 1871இல் கண்ட ஃபுளூரசீன் சாயத்தை ரெசார்சினாலும் தாலிக் அன்ஹைட்ரைடும் கொண்டு கல்லூரிக் கூடத்திலேயே சமைக்கலாம். மாணவர் அதன் பச்சையைக் கண்டு மகிழ்ந்து குறிப்பேட்டை மூடிவிடுவர். அன்று மாலையிலேயே, அச்சாயத்தில் ஒரு துளியை வடிதாளில் இட்டு, தண்ணீரிலும் சாராயத்திலும் தனித்தனியே பத்து முறை கழுவி, ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் எவ்வளவு பச்சை எஞ்சுகின்றது என்று குறித்து வருமாறு அவர்களைப் பணிக்கலாம்.